அண்ணனுக்குக் கிளாக்கோமா, எனக்கும் வருமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் (வயது 46) எழுதுகிறார்: "அண்ணனுக்குக் கிளாக்கோமா. ஒரு கண்ணில் பார்வை பாதி போய்விட்டது. எனக்கு மைனஸ் 6 கண்ணாடி, இனிப்புநீர் இல்லை. கண்ணாடிக் கடையில் காற்றடித்துப் பார்த்து, கண் அழுத்தம் 17, நார்மல் என்றார்கள். கைப்பேசியை அதிகம் பார்க்கிறேன், அதனால் வருமா? கண் அரித்தால், தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்த சொட்டு மருந்து விடுகிறேன். உடனே கேட்கிறது."

கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு மெல்லக் கெடும் நோய்; பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதால் வரும். கைப்பேசிக் கவலையை விடுங்கள். போகிற போக்கில் சொன்னீர்களே, அந்தச் சொட்டு மருந்துதான் என் கவலை. புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு சட்டென்று அடங்குவதும் அதனால்தான். வாரக்கணக்கில் விட்டால், கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் சிலருக்கு அழுத்தம் ஏறும். கிளாக்கோமா உள்ளவரின் உடன்பிறப்புகளுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். வலியோ சிவப்போ இல்லாமலே ஏறிவிடும். நிறுத்தினால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கும், ஆனால் பட்டுப்போன நரம்பு மீளாது. டாக்டர் எழுதித் தராத மருந்து என்பதால் இன்றே நிறுத்துங்கள். புட்டியைத் தூக்கிப் போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு எதுவும் பயன்படுத்தினால் அதையும் சொல்லுங்கள்; ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, அந்த 17? பத்திலிருந்து 21 வரை வழக்கமான அளவுதான். ஆனால் அழுத்தம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. கருவிழி மெலிந்திருந்தால் கருவி குறைத்தும் காட்டும். அழுத்தம் 21-ஐத் தாண்டாமலே நரம்பு கெடுவதும் உண்டு. ஜப்பானில் இந்த வகைதான் அதிகம். அதனால் அந்த ஒரு எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள். உடன்பிறந்தவருக்கு நோய், நாற்பதைத் தாண்டிய வயது, மைனஸ் 6: மூன்றுமே உங்களிடம் இருக்கின்றன.

அரசு கிளினிக் கெசிஹாத்தானில் அண்ணனைப் பற்றிச் சொல்லி, கண் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே கருவிழியின் தடிமன், பார்வை நரம்பு, பார்வைப் பரப்பு எல்லாம் பார்ப்பார்கள். பார்வைப் பரப்புச் சோதனையில் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பல புள்ளிகள் தெரியவில்லையே என்று பலர் வியர்த்து எழுந்து வருவார்கள். மங்கலான புள்ளிகளையும் வேண்டுமென்றேதான் காட்டுகிறார்கள், பயப்படாதீர்கள். கண் பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், மங்கும். அன்று மோட்டாரில் பினாங்குப் பாலம் ஏறாதீர்கள்.

அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். அவர்களில் யாராவது தூரத்துக்கே பிளஸ் கண்ணாடி போடுபவர் என்றால், திடீரென்று வரும் வேறு வகை கிளாக்கோமாவையும் நினைவில் வைக்க வேண்டும். கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம். பித்தம் என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறார்கள். அப்படி வந்தால் நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.