கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதில்தான் விஷயம்: கேள்வி பதில்

குடிநோய் மீட்பு மையத்தில் ஆலோசகராக இருந்தவன் நான். டாஸ்மாக் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், வந்தவற்றில் சில இவை.

அண்ணா, குடிக்கிறவன் எங்கே போயாவது குடிப்பான். கடை பக்கத்தில் இருந்தால் என்ன, தள்ளி இருந்தால் என்ன?

முற்றிப்போனவர் பத்து கிலோமீட்டர் கூடப் போவார், சரிதான். ஆனால் எங்களிடம் வந்த பலர் அந்தக் கட்டத்தில் இல்லை. ஒரு கொத்தனார், மூன்று மாதம் தொடாமல் இருந்தவர், சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே கடை, ஒரு நாள் கால் தானாக அங்கே திரும்பிவிட்டது. அப்புறம் மேஸ்திரியிடம் பேசி கூலியை அவர் மனைவி கையில் கொடுக்கச் சொன்னோம், அவரை ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கச் சொன்னோம். மாத்திரையைவிட அதுதான் அவரைத் தாங்கியது. 2003இலிருந்து சில்லறை விற்பனை அரசு கையில். அந்தக் கடை அங்கே இருப்பது தலைவிதி அல்ல, யாரோ போட்ட கையெழுத்து.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா சார்?

மாநகராட்சி, நகராட்சி என்றால் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோயில், மசூதி, சர்ச்சுக்கும் அதே கணக்கு. வணிகப் பகுதி என்று குறித்துவிட்டால் அதுவும் கிடையாது. ஆனால் பெட்டிக்கடையில் பீடி விற்க, எந்த ஊராக இருந்தாலும் பள்ளியிலிருந்து 100 கெஜம், ஏறக்குறைய 91 மீட்டர், தள்ளிப் போக வேண்டும். நகரத்தில் பிராந்திக்கு 50, பீடிக்கு 91. பெட்டிக்கடைக்காரர் பாவம்.

நெடுஞ்சாலைக் கடைகளை மூடினார்களே, பலன் இல்லையா?

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, சின்ன ஊர்களுக்குப் பிறகு 220 ஆக்கினார்கள். நோக்கம் நல்லது, வண்டி ஓட்டுகிறவன் குடிக்கக் கூடாது. 2017 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடின, மூடியவற்றில் பல ஊருக்குள் இடம் தேடின. பெண்கள் குடத்தோடும் துடைப்பத்தோடும் ரோட்டில் உட்கார்ந்தது அதனால்தான்.

அப்போ பூரண மதுவிலக்கு?

எனக்கு உடன்பாடில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள், உள்ளே இருந்தது மெத்தனால். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும், பார்வையே போய்விடலாம். அரசுக் கடை இருக்கும்போதே மலிவுச் சரக்குக்கு ஆள் இருந்தது, அதையும் மூடினால்?

எங்கள் தெருவில் கடை வரப்போகிறதாம், என்ன செய்வது?

டேப் எடுத்துப் பள்ளி வாசலிலிருந்து அளந்து போட்டோ எடுங்கள், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள். ஷட்டர் மாட்டும்போதே போங்கள், வியாபாரம் ஆரம்பித்த பிறகு யாரும் காது கொடுப்பதில்லை.