அப்ரைசல் எழுதுபவரே தொல்லை தந்தால்?

கேள்வி: கஞ்சிக்கோட்டுக் கிளையில் வேலை, தலைமை அலுவலகம் கோவையில். ஆபாசமாகப் பேசும் மேலாளர்தான் என் அப்ரைசலையும் எழுதுகிறார். புகார் கொடுத்தால் புரமோஷன் போய்விடுமோ?
- வாசகி, பாலக்காடு

பதில்: அதைத் தடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, சகோதரி. புகாரோடு, விசாரணை முடியும்வரை அவர் உங்கள் அப்ரைசலை எழுதக் கூடாது, வேறு அதிகாரி எழுதட்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் அமைக்கப்படும் உள்புகார்க் குழு அப்படிப் பரிந்துரைக்கலாம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான், கேட்காமல் கிடைக்காது. 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம், ஆனால் அப்ரைசல் சமயத்தில் வேண்டாம் என்பேன்.

'கோவையில் குழு இருக்கிறது' என்று தட்டிக்கழிக்க விடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தின் ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் புகாரின் 6 பிரதிகளைக் குழுவிடம் கொடுங்கள். 'தகாத முறையில் பேசினார்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் விசாரணையில் நிற்காது. தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர் பெயர் எல்லாம் அப்படியே வரட்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதனால் புகார் கொடுத்த அன்றே தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.