வேந்தர், மன்னர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அதியமானை வைத்து ஒரு நாவல் எழுதிவருகிறேன். அதில் எல்லோரும் அவனை 'வேந்தே' என்று அழைக்கிறார்கள். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், வேந்தர் என்பது சேர சோழ பாண்டியருக்கு மட்டுமே உரியது, மற்றவர்களை மன்னன் என்றுதான் எழுத வேண்டும் என்கிறார். ஔவையாரே அவனை 'மன்னே' என்றுதான் விளித்துப் பாடுகிறார் என்று சான்றும் காட்டுகிறார். முடி வேய்ந்தவன் என்பதால் வேந்தன் என்ற பெயர் வந்ததாம். இதெல்லாம் சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொஞ்ச நாளாகப் புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்களை, அதாவது இறந்தவரை நினைத்துப் புலம்பும் பாடல்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது. இல்லையென்றால் 'அகராதியைப் பாருங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

முடி வேய்ந்த கதையை விடுங்கள். உங்கள் நாவலுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நண்பர் சொல்வதில் பாதி சரி. வேந்தர் வேறு, வேளிர் என்ற குறுநிலத் தலைவர்கள் வேறு என்ற நினைப்பு சங்கப் புலவர்களுக்கு இருந்தது. கரிகாலனின் வெண்ணிப் போரைச் சொல்லும்போது 'பதினொரு வேளிரொடு வேந்தர் சாய' என்கிறார் பரணர். அதை வைத்துக்கொண்டு மன்னன் என்றால் சின்னவன் என்று முடிவுகட்ட முடியாது. மோசிகீரனார் 'மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்' என்று சொல்லிவிட்டு, அதே பாட்டை 'வேந்தற்குக் கடனே' என்று முடிக்கிறார். கண்ணகி பாண்டியனைப் பார்த்து 'தேரா மன்னா' என்கிறாள். அவனோ 'யானோ அரசன்' என்கிறான். பாண்டியனையும் குறுநில மன்னர் பட்டியலில் சேர்த்துவிடுவாரா உங்கள் நண்பர்? அதியமான் மட்டும் என்ன லேசுப்பட்டவனா? அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் என்ற சேரர் ஆகியோரோடு சத்தியபுத்திரரையும் ஒரே வரிசையில் வைக்கிறது. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்றே இருக்கிறது. அந்தச் சத்தியபுத்திரன் நம் அதியமான்தான்.

சரி, இதையெல்லாம் உங்கள் நண்பருக்கு மன்னித்துவிடலாம். அந்த 'மன்னே'யைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பாட்டு, அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலை: 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே.' இதில் எங்கே ஐயா மன்னன் இருக்கிறான்? மன்னனை விளித்தால் மன்னா என்று வரும், மன்ன என்று வரும். இங்கே இருப்பது 'மன்' என்ற இடைச்சொல். தொல்காப்பியர் 'மன்னைச் சொல்' என்று தனிச் சூத்திரமே எழுதி, அதன் பொருள்களில் முதலாவதாகக் 'கழிவு' என்பதை வைத்தார். இருந்தது போய்விட்டது என்று பொருள். இலக்கணம்கூட வேண்டாம், பாட்டைப் படித்தாலே போதும். 'தான் மகிழ்ந்து உண்ணும்' என்று அவனைப் படர்க்கையில் வைத்துத்தான் ஔவையார் பேசுகிறார். அவன் மார்பில் வேல் பாய்ந்து செத்துக் கிடக்கிறான். பதவி சொல்லி யாரைக் கூப்பிடுவார்?

என் பெரியப்பா இறந்தபோது பெரியம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. 'எனக்கு எடுத்து வச்சிட்டுத்தானே சாப்பிடுவாரு, தலைவலின்னா தைலம் தேச்சுவிடுவாரே' என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். அந்த 'தேச்சுவிடுவாரே'யின் கடைசி ஏகாரம் இருக்கிறதே, அதுதான் ஔவையாரின் மன். கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவானே, எலும்போடு கறி கிடைக்கும் இடத்திலெல்லாம் எங்களுக்குத் தருவானே, அம்பும் வேலும் நுழையும் இடத்திலெல்லாம் தான் போய் நிற்பானே என்று ஏழு முறை வருகிறது. 'நரந்தம் நாறும் தன் கையால் புலவு நாறும் என் தலை தைவரும் மன்னே.' நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே! இந்த வரியைப் படித்துவிட்டு இதில் பட்டப்பெயர் தேட ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது? சான்று வேண்டும் என்ற அவசரத்தில் பாட்டைப் பிடுங்கித் தின்கிறீர்கள், உங்கள் நண்பரும் நீங்களும். எடுத்துக் கொடுத்தவர் அவர் என்றாலும் சரிபார்க்காமல் எனக்கு எழுதியவர் நீங்கள்தானே.

அதே பாட்டில் ஔவையார் அவனை என்னவென்று சொல்கிறார் தெரியுமா? 'ஆசாகு எந்தை யாண்டுளன் கொல்லோ.' பற்றுக்கோடான எம் தந்தை எங்கே இருக்கிறானோ! எதிரிகளை எச்சரிக்கிற பாட்டில் 'எம்முளும் உளன் ஒரு பொருநன்' என்கிறார். எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான், அவ்வளவுதான்.

உங்கள் கேள்வி நாவலைப் பற்றியது, இல்லையா? எல்லோரும் ஒரே மாதிரி 'வேந்தே' போடுவதுதான் அதில் கோளாறு. பாணன் ஒரு மாதிரி கூப்பிடுவான், காவல்காரன் வேறு மாதிரி. 'வேந்தே' கட்டாயம் வேண்டுமென்றால், அதியமானின் தகடூரை முற்றுகையிடும் சேர அரசன் பெருஞ்சேரல் இரும்பொறையின் தூதன் வாயில் கொடுங்கள். உள்ளே கேலியை வைத்துக்கொண்டு அவன் சொல்லட்டும்.

திருத்தி எழுதியதும் அனுப்புங்கள். ஔவையார் வருகிற அத்தியாயத்தை முதலில் அனுப்பினால் நல்லது.