தொடக்கப்பள்ளி அறிவியல்: கேட்டவையும் என் பதில்களும்

மொரிஷியஸ் தொடக்கப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தினேன். அதில் பெரும்பங்கு கிரேடு 4 முதல் 6 வரை. இங்குள்ள தமிழாசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ரோஸ் ஹில், கிரேடு 5 ஆசிரியை: ஐயா, வெயிலில் வைத்த தட்டில் தண்ணீர் ஏன் குறைந்தது என்று வகுப்புத் தேர்வில் கேட்டேன். ஒரு பையன் "திலோ இன் செக்" (தண்ணீர் காய்ந்துவிட்டது) என்று இங்கே பேச்சு மொழியான கிரியோலில் எழுதி, சூரியனும் மேல்நோக்கி நாலு அம்பும் வரைந்திருக்கிறான். ஆங்கிலத்தில் எழுதாததால் பூஜ்யம் போடு என்கிறார் உடன் வேலை செய்பவர். என்ன செய்வது?

பூஜ்யம் போடாதீர்கள் அம்மா. "தண்ணீர் காய்ந்துவிட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால், தண்ணீர் எங்கே போனது என்பது அதில் இல்லை. ஆனால் அந்தப் பையன் அம்பு போட்டிருக்கிறான். மேலே போனது, சூரியனுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று அவன் புரிந்துகொண்டது படத்தில் தெரிகிறது. அதற்கு மதிப்பெண் உண்டு.

என் வகுப்பில் இன்னொரு பிள்ளை இருந்தாள். "எவாபொரேஷன்" (ஆவியாதல்) என்று ஆங்கிலத்தில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினாள். "தண்ணீர் எங்கேம்மா போச்சு?" என்று கேட்டேன். "தட்டு குடிச்சிடுச்சு" என்றாள். எவர்சில்வர் தட்டு! பல பிள்ளைகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். வெறும் தாளைப் பார்த்து அவளுக்கு முழு மதிப்பெண்ணும் அவனுக்குப் பூஜ்யமும் கொடுத்தால், நாம் அளந்தது அறிவியலை அல்ல, ஆங்கிலத்தை.

நான் செய்தது இது: மதிப்பெண் நோட்டில் கருத்துக்கு ஒரு கட்டம், சொல்லுக்கு ஒரு கட்டம். ஒரு நாளைக்கு 5 பிள்ளைகள், ஆளுக்கு 2 நிமிடம், எந்த மொழியிலும் வாய்ப்பேச்சு. ஒரு வாரத்தில் 25 பேர் முடிந்துவிடும். கிரேடு 6 முடிவில் எழுதும் பிஎஸ்ஏசி அறிவியல் தேர்வு ஆங்கிலத்தில்தான் வருகிறது, ஆகவே சொல்லும் வேண்டும். ஆனால் முதலில் தட்டு, பிறகு பேச்சு, கடைசியில் அந்தச் சொல். சொல்லை முதலில் கொடுத்தால் பிள்ளை அதற்குமேல் யோசிப்பதில்லை.

காத்ர் போர்ன், ஒரு தாய்: பஞ்சில் பயறு முளைக்க வைத்தோம், ஜன்னலோரம் நன்றாக முளைத்தது. விதை முளைக்க வெளிச்சம் தேவை என்று மகள் எழுதினாள். சரிதானே?

பயறு முளைக்க வெளிச்சம் தேவையில்லை. தண்ணீர், காற்று, அளவான சூடு போதும். இங்கே என் முதல் கேள்வி: ஒப்பிட இன்னொன்று எங்கே? ஒரே கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிட்டு வெளிச்சத்தால் முளைத்தது என்று எப்படிச் சொல்வது? இரண்டு கிண்ணம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 10 பயறு (ஒன்றே ஒன்று வைத்தால் அது சொத்தைப் பயறாக இருக்கலாம்), ஒரே அளவு பஞ்சு, ஒரே கரண்டி தண்ணீர். ஒன்று ஜன்னலில், ஒன்று அலமாரிக்குள். இரண்டும் முளைக்கும். அப்புறம் ஒரு வாரம் விடுங்கள். இருட்டில் இருந்தது வெளிறி, மஞ்சளாக, நெட்டையாக நிற்கும். வெளிச்சம் எதற்கு வேண்டும் என்று மகளே சொல்வாள்.

திரியோலே, கிரேடு 6 ஆசிரியர்: தட்டில் தண்ணீர், நடுவே மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளர். தண்ணீர் ஏறுவதைக் காட்டி, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் என்று விளக்கலாமா?

வேண்டாம் தம்பி. சுடர் சூடாக்கிய காற்று விரிகிறது, டம்ளரைக் கவிழ்க்கும்போதே கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்து உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கும்போதுதான் தண்ணீர் சட்டென்று ஏறுகிறது. ஆக்ஸிஜன் முழுவதும் தீருமுன்பே சுடர் அணைந்தும் விடுகிறது. ஒரு மெழுகுவர்த்தியோடு நிறுத்தாமல் மூன்று வைத்துப் பாருங்கள், தண்ணீர் இன்னும் மேலே ஏறும். ஆக்ஸிஜன்தான் காரணம் என்றால் மூன்று வைத்தாலும் அதே உயரம்தானே வரவேண்டும்? இங்கும் அதேதான்: ஒப்பிட இன்னொன்று வேண்டும்.

கியூர்பிப், ஒரு தந்தை: பள்ளிக் கண்காட்சிக்கு வினிகரும் சமையல் சோடாவும் வைத்து எரிமலை மாடல் செய்யலாமா?

அது அமிலமும் சோடாவும் சேர்ந்து வாயு வருவது. எரிமலை அப்படி வெடிப்பதில்லை. உங்கள் ஊரிலேயே த்ரூ ஓ செர்ஃப் பள்ளம் இருக்கிறது, அது பழைய எரிமலையின் வாய். பிள்ளையை அங்கே கூட்டிப்போங்கள். கரும்புத் தோட்டங்களில் குவித்த கருங்கற்களில் துளை உள்ளதைப் பொறுக்கச் சொல்லுங்கள். எரிமலைக் குழம்பு இறுகியபோது வாயு இருந்த இடம் அது.

போ பாசன், தமிழாசிரியை: டோடோ பறவை விழுங்கினால்தான் தம்பலகோக் மரத்தின் விதை முளைக்கும், டோடோ அழிந்ததால் மரமும் அழிகிறது என்ற கதையைச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கிறது.

கதை அழகானதுதான் அம்மா. ஆனால் உண்மை என்று சொல்லாதீர்கள். 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் இதை எழுதினார். வான்கோழிகளுக்கு 17 பழங்களை ஊட்டினார். 7 விதை அரைவைப்பையில் நொறுங்கின. மீதி 10ஐ விதைத்ததில் 3 முளைத்தன. வான்கோழி விழுங்காத விதைகளையும் பக்கத்தில் விதைத்தாரா? இல்லை. 1979இல் நம் நாட்டு வனத்துறையைச் சேர்ந்த ஓவாடலி, பறவை எதுவும் இல்லாமலே இந்த விதைகளைத் தாங்கள் முளைக்க வைத்திருப்பதாகப் பதில் எழுதினார்.

அதே ஆசிரியை: ஆனால் ஐயா, நம் தீவைப் பற்றி உலகமே பேசும் கதை. அதையும் பறித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பெருமைப்பட என்ன மிஞ்சும்?

போர்ட் லூயி, ஒரு பாட்டனார் இடையில் எழுதினார்: 3 விதை முளைத்தது உண்மைதானே? அதை எப்படிப் பொய் என்கிறீர்கள்?

ஐயா, 3 முளைத்ததை நான் மறுக்கவில்லை. அவை வான்கோழியால்தான் முளைத்தனவா என்பதே கேள்வி. விழுங்கப்படாத 10 விதையும் அருகில் இருந்து, ஒன்றும் முளைக்காமல் போயிருந்தால் பேசலாம். காத்ர் போர்ன் பிள்ளையின் பயறுக்கும் பெரிய விஞ்ஞானியின் விதைக்கும் ஒரே சட்டம்தான்.

போ பாசன் அம்மாவுக்கு: கதையை விடவேண்டாம், கேள்வியாக மாற்றுங்கள். 17, 7, 10, 3 என்று பலகையில் எழுதி, "இதில் என்ன குறை?" என்று கேளுங்கள். நான் கிரேடு 6இல் கேட்டபோது, பின்பெஞ்சில் எப்போதும் பேசாத ஒரு பிள்ளை, "மிஸ்யே (ஐயா), சும்மா இருந்த விதை எங்கே?" என்றான். அந்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தேர்வில் நான் அளக்க விரும்பியது அந்தக் கேள்வியைத்தான்.

பெருமைக்கு நம் மொரிஷியஸ் வல்லூறு இருக்கிறது. 1974இல் காட்டில் தெரிந்தவை 4 மட்டுமே. கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துத் தனியே பொரிக்க வைத்தால் தாய் மறுபடி இடும் என்பதைப் பயன்படுத்தி, உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் உடன் உழைத்தவர்களும் அதை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். இந்தக் கதையை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள்.

வாக்வா, ஒரு தாய்: எரிமலை மாடலுக்குச் சிவப்புச் சாயம் சேர்த்தால் மதிப்பெண் கூடுமா?

மேலே கியூர்பிப் தந்தைக்கு எழுதியதைப் படியுங்கள் அம்மா.

பெயரில்லாமல், மூவர்: பிஎஸ்ஏசி அறிவியலுக்கு மனப்பாடம் செய்ய மாதிரி விடைகள் அனுப்புவீர்களா?

மாட்டேன். பழைய வினாத்தாளை எடுங்கள். விடை சரியா என்று பார்ப்பதோடு விடாமல், "எப்படித் தெரியும்?" என்று பிள்ளையைக் கேளுங்கள்.

மஹேபூர், தமிழாசிரியர்: மார்கழி குளிர் மாதம் என்று நான் சொல்கிறேன். டிசம்பர் கோடை என்று அறிவியல் ஆசிரியை சொல்கிறார். பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

இரண்டும் சரி தம்பி, மார்கழியின் குளிர் தமிழ்நாட்டுடையது. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 20 பாகையில் இருக்கிறோம், ஆகவே இங்கே அப்போது கோடை. இந்தக் குழப்பமே நல்ல பாடம். ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, பகல் 12:10 வாக்கில் நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஜூன் 21இல் நிழல் தெற்கே ஏறக்குறைய 95 செ.மீ நீளும். டிசம்பர் 21 விடுமுறையில் வரும், வீட்டு முற்றத்தில் அளக்கட்டும்: 6 செ.மீ கூட இருக்காது, அதுவும் வடக்கே விழும். சென்னையில் உறவினர் இருந்தால் அதே நாளில் அங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரம் பார்த்து ஒரு குச்சி நடச் சொல்லுங்கள், அந்த நிழல் நீளமாக இருக்கும். ஒப்பிட இன்னொன்று கிடைத்துவிடும்.