மாற்றுச் சிறுநீரகமும் டாப்ளர் ஸ்கேனும்: கேள்வி பதில்

டர்பனில் பல வருஷம் ஸ்கேன் அறையில் வேலை பார்த்தவன் என்பதால் இந்த வாரக் கேள்விகள் என்னிடம் வந்தன. டாப்ளர் என்பது ரத்தம் ஓடும் வேகத்தையும் திசையையும் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்.

அண்ணா, என் தம்பிக்குச் சிறுநீரகம் மாற்றி எட்டு மாதம். மூன்று வகை மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. எதற்கு டாப்ளர்? (சாட்ஸ்வர்த்)

புதுச் சிறுநீரகத்தின் தமனியை இடுப்புத் தமனியோடு இணைத்துத் தைக்கிறார்கள். அந்தத் தையலுக்குப் பக்கத்தில் சுருக்கம் விழலாம், பெரும்பாலும் 3 மாதத்துக்கும் 2 வருஷத்துக்கும் இடையில். சுருங்கிய இடத்தில் ரத்தம் சீறிப் பாயும், அதைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குள் துடிப்பு சோம்பலாக எழும். டாப்ளர் இரண்டையும் காட்டும். எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகு கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) ஏறியதா? ஏறியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ரிப்போர்ட்டில் தமனியில் ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 260 செ.மீ. என்று இருக்கிறது. ஸ்டென்ட் (சுருங்கிய தமனியை விரித்து வைக்கும் சிறு குழாய்) வைத்தே ஆக வேண்டுமா? (ஃபீனிக்ஸ்)

அந்த ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. 200, 250 தாண்டினால் சந்தேகம் வரும், அவ்வளவுதான். தமனி வளைந்திருந்தாலும் வேகம் கூடும். ஸ்கேன் எடுப்பவர் கருவியை அழுத்திப் பிடித்தாலும் அளவு மாறும். புதிதில் நானே அப்படி அழுத்தி, இல்லாத சுருக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன்! பிரஷர், கிரியேட்டினின், பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்புறம் தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் (சாயம் செலுத்தித் தமனியைப் படம் எடுப்பது). பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள்.

பயாப்ஸிக்குப் (ஊசியால் சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) பிறகு ஏவி ஃபிஸ்டுலா என்கிறார்கள். பயமாக இருக்கிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

ஊசி போன வழியில் தமனிக்கும் சிரைக்கும் நடுவே ஒரு குறுக்கு வழி உண்டாகிவிட்டது, அதுதான் ஏவி ஃபிஸ்டுலா. பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். சிறுநீரில் ரத்தம் நிற்காமல் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆபரேஷன் முடிந்த புதிதில் எதைக் கவனிக்க வேண்டும்? (லெனேசியா)

நன்றாகப் போன சிறுநீர் திடீரென்று குறைவது, சிறுநீரகம் வைத்த இடம் வீங்கி வலிப்பது. ரத்தக்கட்டி சிரையை அடைத்தால், இதயம் ஓய்ந்து விரியும் நேரத்தில் தமனியில் ரத்தம் பின்னோக்கித் திரும்புவது டாப்ளரில் தெரியும். இது பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும் ஆபத்து. அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருந்தால் சிறுநீரகமே போய்விடும், மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம்.

வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? (அதே வாசகர்)

பொதுவாக வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றில், தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காவடி விரதத்தில் இருப்பவர்களும் தாராளமாக வரலாம். தண்ணீரையும் மாத்திரையையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.