குழாயில் சாக்கடை கலந்தால் நகராட்சி பொறுப்பில்லையா?

கேள்வி: மூன்று வாரமாக எங்கள் தெருக் குழாய்களில் முதல் பத்து நிமிடம் கலங்கலாக, சாக்கடை வாடையோடு தண்ணீர் வருகிறது. குழந்தையை வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நகராட்சியில் கேட்டால், "பழைய பைப், மாற்ற நிதியில்லை, கேன் தண்ணீர் வாங்கிக்கோங்க" என்கிறார்கள். குடிநீர்க் கட்டணம் பாக்கியில்லாமல் கட்டுகிறேன். செலவான பணத்தைக் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். நிதியில்லை என்ற பேச்சை முதலில் ஒதுக்குங்கள். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் நகராட்சியும் இதைத்தான் சொன்னது. திறந்த சாக்கடையால் அவதிப்பட்ட மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து, காசில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். அவர்கள் பயன்படுத்திய, பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. தெருக்காரர்கள் சேர்ந்து, அந்த மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுங்கள்.

பணம் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். அங்கே "வரி கட்டுபவர் நுகர்வோர் அல்ல" என்றுதான் நகராட்சி வக்கீல் ஆரம்பிப்பார், அதனால் சொத்து வரி ரசீதைவிட இணைப்புக்குக் கட்டும் குடிநீர்க் கட்டண ரசீதுதான் உங்களுக்கு முக்கியம். ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி, கேன் வாங்கிய பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் வழக்கு நிற்பதும் விழுவதும் தண்ணீர்ப் பரிசோதனையில்தான். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துப் போனால் கிருமிப் பரிசோதனைக்கு உதவாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கேட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில், அவர்கள் சொல்லும் முறைப்படி பிடித்து, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) 100 மில்லி குடிநீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி இருக்கவே கூடாது. கூடவே, மேல்நிலைத் தொட்டியின் குளோரின் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று குறிப்பிட்டால், 30 நாள் இல்லை, 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும்.

இன்னொன்று, உங்கள் தெருவில் யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார்களா? அப்படி இழுக்கும்போது பைப்பில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே வெளியிலிருக்கும் சாக்கடையும் உள்ளே வந்துவிடும். மனுவில் அதையும் எழுதுங்கள், அந்த மோட்டார்களைப் பிடுங்குவதும் நகராட்சியின் வேலைதான். அதுவரை அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம்.