பதில்: 1 ஜி.இ.வி. கூட இல்லாத புரோட்டானிலிருந்து 125 ஜி.இ.வி. ஹிக்ஸ் எப்படி வரும்?

ஜி.இ.வி.ங்கிறது துகள்களோட ஆற்றலையும் நிறையையும் அளக்கிற அலகு; ஹிக்ஸ் ஒரு அடிப்படைத் துகள். அது புரோட்டானுக்குள்ள ஒளிஞ்சிருந்து வெளியே வரல. மோதலோட ஆற்றல்தான் நிறையா (mass) மாறி, புதுத் துகளாப் பிறக்குது.

"கடலூர்-பாண்டி ரோட்டுல ரெண்டு பஸ் மோதினா உடைஞ்ச கண்ணாடிதான் கிடைக்கும், புது லாரி எப்படி வரும்?"னு கேட்டிருக்கீங்க. உங்களைக் குழப்புறதே அந்த பஸ்தான். நீங்க அறிவியல் கண்காட்சிக்குத் தயாரிக்கிற சார்ட்டுல இருந்து முதல்ல அதை எடுத்துடுங்க.

கால்குலேட்டர்ல இதைப் போட்டுப் பாருங்க:

1. ஜெனிவா பக்கத்துல இருக்கிற எல்எச்சி-யில (புரோட்டான்களை வேகமா ஓட்டி மோதவிடுற பெரிய வளைய இயந்திரம்) ஒரு புரோட்டானுக்கு 6,800 ஜி.இ.வி. வரை ஆற்றல். அதோட சொந்த நிறை 0.938 தான். எதிரெதிரா மோதினா மொத்தம் 13,600.

2. அதே புரோட்டான், சும்மா நிக்கிற இன்னொரு புரோட்டான்ல மோதட்டும். 2 × 6,800 × 0.938, அதுக்கு வர்க்கமூலம். சுமார் 113 தான் வரும், ஒரு ஹிக்ஸுக்குக்கூடப் பத்தாது! மீதி ஆற்றல் சிதறல்கள் முன்னோக்கி ஓடுறதுலயே போயிடும். ரெண்டு புரோட்டான் கற்றையை எதிரெதிரா ஓட்டுறது இதுக்காகத்தான். சார்ட்டுல இந்தக் கணக்கைப் பெருசா எழுதுங்க, நடுவர் நின்னு படிப்பார்.

ஆனா 13,600-ம் புதுத் துகளுக்குக் கிடைக்காது. நிஜத்துல மோதுறது புரோட்டானுக்கு உள்ளே இருக்கிற குவார்க், குளுவான்ங்கிற இன்னும் சின்னத் துகள்கள்தான். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பங்குதான்.

"பெருவெடிப்பையே திரும்ப நடத்துறாங்க"ன்னும் எழுதாதீங்க. அதுக்கு அடுத்த நொடித்துளியில இருந்த ஆற்றல் நிலையை மிகச் சின்ன இடத்துல தொட்டுப் பார்க்கிறாங்க, அவ்வளவுதான். ஹிக்ஸையும் யாரும் நேரில் பார்க்கல. அது சிதைஞ்சு வர்ற ரெண்டு ஃபோட்டான் (ஒளித்துகள்) மாதிரியான தடயங்களை வச்சுத்தான் 2012 ஜூலையில அறிவிச்சாங்க.